உள்ளூராட்சியில் இளைஞர்: பெயர்ப்பட்டியலுக்கு அப்பால்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிவுசெய்யும் விதிகளை விரிவாகக் கூறுகின்றன. சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் நிலம், வேதக் கல்வி என்பவற்றோடு வயதும் அங்கு ஒரு தகுதியாக வைக்கப்பட்டது. முதற் கல்வெட்டு 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் உள்ளோரை ஏற்றது. இரண்டே ஆண்டுகளில் அவ்வெல்லை 35 முதல் 70 வரை என உயர்த்தப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்கள் எழுதப்பட்ட ஓலைகள் குடத்திலிடப்பட்டதும், உள்ளேயிருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு அவற்றை எடுப்பித்தனர். தெரிவு நேர்மையானது என்பதற்கு அச்சிறுவனின் கையே சான்றாயிற்று. அவனுடைய அறியாமையே அங்கு அவனது தகுதி. அவனுடைய கருத்தை எவரும் வேண்டி நிற்கவில்லை.

இதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மதீனாவில் நடந்த நிகழ்ச்சியொன்றை நமது வாசகர்கள் அறிவர். பத்ர் களத்தில் நின்ற மூத்த தோழர்கள் அமரும் ஆலோசனை அவையில், இளைஞரான இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களையும் கலீபா உமர் (ரழி) அவர்கள் இருத்திக்கொள்வது வழக்கம். தம் பிள்ளைகளின் வயதையொத்த ஒருவரைத் தம்மோடு இருத்துவதேன் எனச் சிலர் மனங்குறைப்பட்டனர். ஒரு நாள் அவ்வவையில் உமர் (ரழி) அவர்கள் ‘அந்நஸ்ர்’ அத்தியாயத்தின் கருத்தை வினவினார்கள். மூத்தோர் சிலர் அதன் வெளிப்படைப் பொருளைக் கூறினர், சிலர் மௌனமாயிருந்தனர். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களோ, அது நபி (ஸல்) அவர்களின் மறைவு அண்மித்ததை உணர்த்துவது என்றார்கள். தாம் விளங்கியதும் அதுவே என உமர் (ரழி) அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் ஏற்றுக்கொண்டார்கள். இந்நிகழ்ச்சியின் மார்க்க விளக்கம் நம் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஓர் அவை நடத்தப்பட்ட முறையை மட்டுமே நாம் இங்கு கவனிக்கின்றோம். இளையவருக்கு இடமளிக்கப்பட்டது, அவரிடம் கேட்கப்பட்டது, அவர் கூறிய விடைக்கு என்ன நேர்ந்தது என்பது அவையறியச் சொல்லப்பட்டது.

உள்ளூராட்சியில் இளைஞரின் பங்கேற்புப் பற்றி இன்று உலகின் பல நாடுகளிலும் பேசப்படுகிறது. அப்பேச்சு மேற்கூறிய இரு காட்சிகளுள் எதனை மனத்திற் கொண்டது என்பதே ஆராயத்தக்க வினா. இலங்கை இவ்விடயத்தில் முப்பத்தைந்து ஆண்டுக்கால அனுபவத்தையுடையது. ஓர் இளம் தலைமுறையின் குருதி சிந்தப்பட்ட பின்னரே இங்கு இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் எதுவரை சென்றது, எங்கே நின்றுவிட்டது என்பதை நாம் இக்கட்டுரையில் நோக்குவோம்.

உள்ளூர்ச் சபையின் முடிவும் அதன் ஆயுளும்

மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய மூன்றும் இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களாகும். பொதுச் சுகாதாரம், உள்ளூர் வீதிகள், பொது வசதிகள் ஆகியன அவற்றின் பொறுப்பு. குப்பை அகற்றல், வடிகால், தெருவிளக்கு, சந்தை, விளையாட்டு மைதானம், பொது நூலகம் என அன்றாட வாழ்வைத் தொடும் பலவும் அவற்றுள் அடங்கும். இவற்றை மிகுதியாகப் பயன்படுத்துவோர் யாவர்? நூலகத்தின் வாசிப்பு மண்டபத்தை நாடுபவர் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர். மைதானத்துக்கு வருபவர் இளைஞர். இருள் கவிந்த ஒழுங்கையினூடாக மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்புபவள் பதினாறு வயது மாணவி. ஆயினும் நூலகம் எத்தனை மணிக்கு மூடப்பட வேண்டும், எந்த ஒழுங்கைக்கு முதலில் விளக்கிட வேண்டும் என்பனவற்றை முடிவுசெய்யும் மேசையைச் சூழ இவர்கள் அமர்வதில்லை.

இதனினும் பாரதூரமான காரணமொன்றும் உண்டு. உள்ளூர்ச் சபையின் முடிவுகள் சிறியனவாகத் தோன்றினும் அவற்றின் விளைவு நெடுங்காலம் நீடிக்கும். குப்பைமேடு ஒன்றுக்கு இடம் தெரிவுசெய்பவர்கள் அதன் விளைவு முதிரும்வரை பதவியில் இருப்பதில்லை. கொழும்பு நகரின் குப்பைகள் ஆண்டுக்கணக்கில் குவிக்கப்பட்ட மீத்தொட்டமுல்ல மேடு, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று சரிந்து விழுந்ததில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய முடிவுகளோடு அதிக காலம் வாழப்போகின்றவர்கள் இளையோரே. நீண்ட காலம் சுமக்க வேண்டியவரிடம் சுமையைப் பற்றிக் கேட்பது நீதி. கேளாதிருப்பது நிர்வாகத்துக்கும் நட்டமே. தாம் அன்றாடம் நடக்கும் வழியைப் பற்றி அவர்கள் அறிந்திருப்பது கோவைகளில் எழுதப்பட்டிருப்பதில்லை.

1990: தாமதமாக வந்த ஒரு பாடம்

1971 ஏப்ரலில் இலங்கையின் தென்பகுதி இளைஞர் ஆயுதமேந்தினர். 1987 முதல் 1989 வரை அது இன்னும் கொடூரமாக மீண்டும் நிகழ்ந்தது. கிளர்ச்சியிலும் அதனை அடக்கிய நடவடிக்கைகளிலுமாகப் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் இளைஞரின் ஆயுதப் போராட்டம் வேறு காரணங்களைக் கொண்டு எழுந்து போராக விரிந்திருந்தது. நாட்டின் எத்திசையை நோக்கினும், ஆளும் அமைப்பில் நம்பிக்கையிழந்த இளைஞரையே காண முடிந்தது.

இந்நிலையில் 1989இல் இளைஞர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டு, 1990இல் அதன் அறிக்கை வெளிவந்தது. வேலையின்மை மாத்திரம் இதற்குக் காரணமன்று என்பதை அது எடுத்துக்காட்டியது. தகுதியிருந்தும் அரசியல்வாதியின் சிபாரிசின்றி நியமனம் கிடையாது என்ற நிலை, அதிகாரத் துஷ்பிரயோகம், தமக்கு நீதி கிடைக்காது என்ற ஆழ்ந்த மனக்கசப்பு ஆகியன அதிற் பேசப்பட்டன. கிராமப்புற இளைஞர் ஆங்கில மொழியைச் சிங்களத்தில் ‘கடுவ’, அதாவது வாள் என்று அழைத்ததையும் அவ்வறிக்கை கவனத்திற் கொண்டது. மொழி ஒன்று தம்மை வெட்டி ஒதுக்கும் ஆயுதமாக அவர்களுக்குத் தோன்றியிருந்தது. அச்சொல்லில் அடங்கிய முறைப்பாட்டை உரிய காலத்திற் கேட்க எந்தச் சபையும் இருக்கவில்லை.

இவ்வறிக்கையை அடுத்து, 1990ஆம் ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தல்கள் திருத்தச் சட்டம் புதிய விதியொன்றைக் கொணர்ந்தது. உள்ளூராட்சித் தேர்தலில் போட்டியிடும் ஒவ்வொரு கட்சியும் சுயேச்சைக் குழுவும் தத்தம் வேட்புமனுவில் 40 வீதமானோரை 18 முதல் 35 வரையான வயதினராகக் கொண்டிருத்தல் வேண்டும் என்பதே அது. 1991 மே மாதத் தேர்தலில் இது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் மூலம் இளைஞருக்கு இத்துணைப் பெரிய வீதத்தை ஒதுக்கியமை துணிவான செயல் என்பதில் ஐயமில்லை.

பட்டியலுக்கும் ஆசனத்துக்குமிடையே

ஆனால் விதியின் சொற்களைக் கூர்ந்து நோக்கின் அதன் எல்லை புலப்படும். 40 வீதம் என்பது பட்டியலுக்கானது, சபைக்கானதன்று. அக்காலத்து விகிதாசார முறையில் வாக்காளர் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அக்கட்சியின் பட்டியலிலுள்ள மூவருக்குத் தம் விருப்பு வாக்குகளையும் அளிக்கலாம். கட்சிக்குக் கிடைக்கும் ஆசனங்கள் கூடிய விருப்பு வாக்குப் பெற்றோரைச் சென்றடையும். எனவே ஒரே பட்டியலில் உள்ளவர்களே தமக்குள் போட்டியிட வேண்டியிருந்தது. பணமும் ஆள்பலமும் பெயரறிமுகமும் உடைய மூத்த வேட்பாளரோடு, நேற்றுப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறியவரும் வயலில் நிற்பவரும் அதே களத்தில் மோத வேண்டும். பட்டியலில் அவரது பெயர் இருந்தாக வேண்டும் எனச் சட்டம் கட்டளையிட்டது. அப்பெயர் வெற்றிபெற வேண்டிய வழி எதனையும் அது வகுக்கவில்லை.

மேலும், வேட்பாளரின் வயதைக் கேட்ட சட்டம் அவரைத் தெரிவுசெய்பவர் யார் எனக் கேட்கவில்லை. வேட்புமனுவைத் தயாரிக்கும் அதிகாரம் கட்சியிடமே இருந்தது. அத்தகைய நிலையில் கட்சித் தலைவரின் மகனும் இளைஞரே, மருமகனும் இளைஞரே. வயது ஒருவரின் பிறப்புச் சான்றிதழால் நிரூபிக்கப்படும். அவர் எவரது குரலைத் தாங்கி வருகிறார் என்பது அதனால் நிரூபிக்கப்படுவதில்லை.

2012ஆம் ஆண்டின் திருத்தத்தோடு இக்கட்டாய விதி கைவிடப்பட்டு, பெண்களுக்கும் இளைஞருக்கும் இடமளிப்பது கட்சிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. விருப்பத்துக்கு விடப்பட்டது எவ்வாறு முடியும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 2018க்கு முன்னர் இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களின் வீதம் ஏறத்தாழ 2 மட்டுமே. அவர்களுக்கு வாக்குரிமையோ போட்டியிடும் உரிமையோ மறுக்கப்பட்டிருக்கவில்லை. உரிமை இருந்தும் ஆசனம் இருக்கவில்லை.

இவ்விடத்தில் பெண்களின் அனுபவம் நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. 2016, 2017ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் பெண்களுக்கான 25 வீதத்தைப் பட்டியலோடு நிறுத்தாமல் சபையின் உறுப்பினர் தொகையோடு பிணைத்தன. வட்டாரங்களில் போதிய பெண்கள் வெற்றிபெறாவிடின், கட்சிகள் மேலதிகப் பட்டியலிலிருந்து பெண்களை நியமித்துக் குறையை நிரப்ப வேண்டியிருந்தது. சிறிய கட்சிகளுக்குச் சில விலக்குகள் அளிக்கப்பட்டமையால் எல்லாச் சபைகளும் 25 வீதத்தை எட்டவில்லை. ஆயினும் 2018 பெப்ரவரித் தேர்தலின் பின் நாடெங்கும் 1,900க்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினராயினர். ஒரே தேர்தலில் அவர்களின் வீதம் இருபதைத் தாண்டியது. ஒரே நாடு, அதே கட்சிகள், அதே வாக்காளர். பட்டியலில் வைக்கப்பட்ட ஒதுக்கீட்டுக்கும் ஆசனத்தில் வைக்கப்பட்ட ஒதுக்கீட்டுக்குமுள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை எனலாம்.

இப்பாடம் இளைஞர் விடயத்தில் பின்பற்றப்படவில்லை. 2023ஆம் ஆண்டின் திருத்தம் இளைஞருக்கு மீண்டும் 25 வீதத்தைக் கட்டாயமாக்கியது. ஆயின் அதுவும் வேட்புமனுவிலேயே வைக்கப்பட்டது. 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலுக்கு முன்னர், இளம் வேட்பாளரின் வயதை உறுதிப்படுத்தும் ஆவணங்கள் உரியவாறு இணைக்கப்படவில்லை என்ற காரணத்தால் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. இளைஞரை உள்ளே கொணர்வதற்கான விதி, ஒரு சான்றிதழின் பிரதி பற்றிய வழக்காக மாறிய விந்தையை நாம் கண்டோம்.

சபையே இல்லாத காலங்கள்

ஒதுக்கீடு பற்றிய விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படும் உண்மையொன்றுண்டு. தேர்தல் நடைபெறாவிடின் எந்த ஒதுக்கீடும் பயனற்றது. 1990இன் சட்டம் இயற்றப்பட்டபோது வடக்கில் தெரிவுசெய்யப்பட்ட உள்ளூர்ச் சபைகள் இயங்கவில்லை. 1983 மே மாதத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் 1998 ஜனவரியிலேயே நடத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே யாழ் மாநகர முதல்வர்கள் இருவர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். 1983இல் மூன்று வயதாயிருந்த குழந்தை, தன் ஊர்ச் சபைக்கான தேர்தலொன்றை முதன்முதலாகக் கண்டபோது வாக்களிக்கும் வயதை எட்டியிருந்தது. சபை என்பது எவ்வாறு கூடும், வரவு செலவுத் திட்டம் எவ்வாறு வாசிக்கப்படும் என்பனவற்றைக் காணாமலேயே அத்தலைமுறை வளர்ந்தது.

போர் முடிந்த பின்னரும் இந்நிலை முற்றாக நீங்கவில்லை. 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட தேர்தல், நிதியில்லை என்ற காரணங்காட்டிப் பிற்போடப்பட்டது. அதே மாதத்தில் சபைகளின் பதவிக்காலம் முடிவடைய, 2025 வரை அதிகாரிகளே அவற்றை நிர்வகித்தனர். தேர்தலை உரிய காலத்தில் நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலும் 2016 அக்டோபர் தொடக்கம் பெரும்பாலான மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சி அமைப்புகள் 2019 டிசம்பர் வரையும், நகர்ப்புற அமைப்புகள் 2022 பெப்ரவரி வரையும் தேர்தலின்றித் தனி அலுவலர்களால் நிர்வகிக்கப்பட்டன. இத்தகைய இடைவெளிகள் முதியோருக்குச் சில ஆண்டுகளின் இழப்பு. பதினெட்டு வயதை அடைந்தவருக்கோ அவை அரசியற் பயிற்சியின் முதற் படியையே இல்லாதாக்குகின்றன.

ஆசனத்திலிருந்து முடிவு வரை

இனி, ஆசனம் கிடைத்துவிட்டதெனக் கொள்வோம். அதனோடு எல்லாம் நிறைவேறிவிடுமா? ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர் 1992இல் யுனிசெப் நிறுவனத்துக்காக எழுதிய நூலொன்றில், சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அதன் கீழ்ப்படிகள் மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கொள்ளவில்லை. பெரியோர் தம் நோக்கத்துக்காகச் சிறுவரைக் கையாளுதல், அலங்காரமாக நிறுத்துதல், பெயருக்கு இருத்துதல் என்பனவே அவை. மாநாட்டு மேடையில் மாணவியொருத்தியை அமர்த்தி, நிழற்படம் எடுத்து, அவள் கூறியது கூட்ட அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாமல் விடுவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். உத்திரமேரூரின் சிறுவன் இந்த ஏணியின் கீழ்ப்படிகளில் நிற்பவன்.

இப்படிகளைக் கடந்த நகரங்கள் சிலவற்றின் ஏற்பாடுகள் ஆராயத்தக்கன. ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர வாக்காளர் 1995இல் தம் நகர சாசனத்தைத் திருத்தி இளைஞர் ஆணைக்குழுவொன்றை அமைத்தனர். 12 முதல் 23 வரையான வயதினர் 17 பேர் அதன் உறுப்பினர். அவ்வேற்பாட்டின் சிறப்பு உறுப்பினர் தொகையில் இல்லை. சிறுவரையும் இளைஞரையும் முதன்மையாகப் பாதிக்கும் எவ்விடயத்திலும் நகர சபை இறுதி முடிவெடுக்குமுன் அதனை இவ்வாணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றும், அதன் விடை வராவிடின் 12 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்றும் சாசனம் விதித்தது. ஆணைக்குழுவின் கருத்தை ஏற்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. கேட்க வேண்டுமென்ற கட்டாயம் உண்டு. கடமை இங்கே இளைஞர்மீது சுமத்தப்படாமல் பெரியோர்மீது சுமத்தப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பொஸ்டன் நகரம் 2014இல் வேறொரு வழியைத் தெரிந்துகொண்டது. நகரின் மூலதன நிதியில் பத்து இலட்சம் டொலரைத் தனியாக ஒதுக்கி, அதனை எவ்வாறு செலவிடுவது என்பதை 12 முதல் 25 வயது வரையானோரே வாக்கெடுப்பின் மூலம் முடிவுசெய்யச் செய்தது. இளைஞர் முதலில் யோசனைகளைத் திரட்டினர். பின் நகர அதிகாரிகளோடு அமர்ந்து ஒவ்வொன்றின் செலவையும் கணக்கிட்டனர். ஈற்றில் வாக்களித்தனர். விளையாட்டுத் திடலைச் சீரமைத்தல், பாடசாலைகளுக்கு மடிக்கணினி, பூங்காவொன்றுக்குப் பாதுகாப்புக் கமெரா போன்றன தெரிவாயின. இவற்றுள் எதனையும் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. நகரின் முழு நிதியோடு ஒப்பிடுகையில் ஒதுக்கிய தொகை சிறிதே. எனினும் தான் கூறிய ஒன்று கல்லும் மண்ணுமாக எழுந்து நிற்பதைக் கண்ட இளைஞருக்கு அத்தொகை சிறிதன்று.

இரு நகரங்களின் முறையும் வேறு, அடிப்படை ஒன்று. கேட்பது ஆளுவோரின் தயவில் தங்கியிருக்கவில்லை. கேட்டதன் பின் என்ன நடந்தது என்பது மறைக்கப்படவுமில்லை.

மறுப்புகளும் விடைகளும்

இளையோருக்கு அனுபவம் போதாது என்பது முதலாவது மறுப்பு. இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயின் சபை நடவடிக்கையின் அனுபவம் சபைக்கு வெளியே இருந்து பெறத்தக்கதன்று. இந்திய அரசியலமைப்பு மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் போட்டியிட 25 வயதை விதித்து, உள்ளாட்சிக்கு 21 வயதைப் போதுமாக்கியதன் உட்பொருளும் இதுவே. 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் தம் 21ஆம் வயதில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் மேயரானார். இலங்கையில் 18 வயதிலேயே உள்ளூராட்சித் தேர்தலில் போட்டியிட முடியும். கதவு சட்டத்தால் அடைக்கப்பட்டிருக்கவில்லை. உள்ளே நடக்கப் பழக்குவோர்தாம் இல்லை.

இளைஞர் கட்சிகளின் கருவியாகி விடுவர் என்பது இரண்டாவது மறுப்பு. இது மெய்யான அபாயம். ஆனால் இவ்வபாயம் கட்சிப் பட்டியலை மட்டும் நம்பும் முறையிலேயே மிகுதி. சபைக்கு வெளியேயுள்ள இளைஞரும் நேரே பேசத்தக்க வழி இருப்பின், கட்சியின் தயவை நாடும் தேவை குறையும்.

மூன்றாவது மறுப்பை நாம் மிகுந்த கவனத்தோடு நோக்க வேண்டும். பதினெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட எல்லோரையும் ஒரே குரலுடைய கூட்டமாகக் கொள்ளலாமா? மூன்று பிள்ளைகளின் தந்தையான முப்பத்துநான்கு வயது வியாபாரியும் உயர்தரப் பரீட்சை எழுதிய பத்தொன்பது வயது யுவதியும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் போட்டியிடின் யார் முன்னேறுவர் என்பது வெளிப்படை. பதினெட்டுக்கு உட்பட்டோரோ முற்றாக வெளியே நிற்கின்றனர். தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக்கூறும் உரிமையை 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை அவர்களுக்கு வழங்குகிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. வாக்குரிமையில்லாத அவ்வயதினருக்கு ஆசன ஒதுக்கீட்டால் பயனில்லை. கேட்கும் முறையொன்றே அவர்களைச் சென்றடையும்.

செய்யத்தக்கன

புதிய சட்டத்துக்காகக் காத்திராமல் இன்றே செய்யத்தக்கன பல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. நிதி, வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் ஆகியவற்றுக்கான குழுக்களில் ஊரின் இளையோர் இருவர் மூவரைச் சேர்ப்பதற்கு ஒரு தீர்மானமே போதும். அவர்களைக் கட்சிகள் பெயர்குறிக்காமல், பாடசாலைகளும் இளைஞர் கழகங்களும் தெரிவுசெய்து அனுப்புதல் நன்று. தனித்து ஒருவரை அனுப்புவதும் தவிர்க்கத்தக்கது. பதினைந்து மூத்தோரின் நடுவே தனியாய் அமரும் இளையவர் பேசத் தயங்குவார். துணையொன்று இருப்பின் அத்தயக்கம் குறையும்.

சபைகள் கூடும் நேரமும் சிந்திக்கத்தக்கது. வேலைநாளின் முற்பகலில் கூடும் குழுவுக்கு மாணவரும் வரமுடியாது, நாட்சம்பளம் பெறுவோரும் வரமுடியாது. வரவு செலவுத் திட்டத்தின் முன்வரைவை எளிய தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கங்களில் எழுதி நூலகத்தில் வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. மூலதனச் செலவின் ஒரு சிறு பகுதியைப் பொஸ்டனைப் போன்று இளையோரின் வாக்கெடுப்புக்கு விடுவதும் ஒரு சபையின் துணிவைப் பொறுத்ததே.

இவை யாவற்றினும் முதன்மையானது, பதிலளிக்கும் கடமை. இளைஞர் முன்வைத்த ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் விடையளிக்க வேண்டுமென ஒவ்வொரு சபையும் தனக்குத்தானே விதித்துக்கொள்ளலாம். ஏற்றால் எப்போது நிறைவேறும் என்பதையும், மறுத்தால் ஏன் என்பதையும் அது கூற வேண்டும். காரணத்தோடு கூறப்பட்ட மறுப்பு இளைஞனை விலக்கிவிடாது. நிதி எவ்வளவு, சட்டம் எதற்கு இடமளிக்கிறது என்பவற்றை அவன் அதிலிருந்து கற்றுக்கொள்வான். அடுத்த முறை இன்னும் தேர்ந்த யோசனையோடு வருவான். விடையே வராத கோரிக்கைதான் அவனைத் திரும்பி வராமற் செய்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துவதால், விடை தராத சபையிடம் அதன் கோவைகளைக் கேட்கும் வழியும் இளைஞருக்கு உண்டு. அவ்வழியை அவர்களுக்குக் கற்பிப்பது நம் பாடசாலைகளும் கழகங்களும் ஏற்க வேண்டிய பொறுப்பாகும்.

இதனைக் கூறும்போது நம்மையும் நாம் நோக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர்ச் சங்கங்களிலும் பொது நிறுவனங்களிலும் இளைஞருக்கு எப்போதும் வேலையுண்டு. வெள்ளம் வந்தால் படகிழுக்கவும், விழா வந்தால் பந்தலிடவும், விருந்தெனின் பரிமாறவும் அவர்களையே அழைக்கின்றோம். கணக்கு வாசிக்கப்படும் கூட்டத்துக்கு எத்தனை முறை அழைத்திருக்கின்றோம்? நமது வாசலில் செய்யாததைப் பிரதேச சபையின் வாசலில் நின்று கேட்பது பொருத்தமாகாது.

1990ஆம் ஆண்டின் சட்டம் பல்லாயிரம் மரணங்களின் பின் எழுதப்பட்டது. ஓர் இளைஞனின் முறைப்பாட்டைக் கேட்க ஒரு சபையும் இல்லாதபோது அவன் வேறு எங்கெல்லாம் செல்லக்கூடும் என்பதை இந்நாடு மிக உயர்ந்த விலை கொடுத்து அறிந்துகொண்டது. அந்த அறிவின் பயனாகக் கிடைத்தது பட்டியலில் ஒரு பெயர் மட்டுமாயின் அது போதாது. அவனுக்கு ஓர் ஆசனம் வேண்டும். அங்கே அவனிடம் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். அவன் கூறிய விடைக்கு என்ன நேர்ந்தது என்பது அவையறியச் சொல்லப்பட வேண்டும். இம்மூன்றையும் செய்வதற்கு ஊரளவிலான ஒரு சபையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அங்கே கேட்பவரும் விடையளிப்பவரும் ஒரே தெருவில் வாழ்பவர்கள். நாளைக் காலை அவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும்.